விவாகரத்தும் துணையின் ரகசியக் கடன்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விவாகரத்து என்று பேச்சு வந்ததும் பலர் பயந்து கேட்பது, "அவர் வாங்கிய கடனை நான் கட்டணுமா?" என்பதுதான். கோவாவின் தனிச்சட்டத்தைத் தள்ளிவைத்தால், இந்தியாவில் கல்யாணம் ஆன ஒரே காரணத்தால் ஒருவர் கடன் மற்றவர் கடனாகிவிடாது. பெரும்பாலும் உங்கள் கையெழுத்து வழியாகத்தான் அது உங்களிடம் வரும். அதனால் அவர் எங்கெல்லாம் வாங்கினார் என்று துப்பறியும் முன், நீங்கள் எங்கெல்லாம் கையெழுத்துப் போட்டீர்கள் என்று தேடுங்கள்.

ஜாமீன் கையெழுத்தை வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பதுதான் மிகப் பெரிய தவறு. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவுப்படி, வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. "முதலில் அவரிடம் வசூல் பண்ணுங்க" என்று வங்கியிடம் சொல்லித் தப்பிக்க முடியாது.

அடுத்தது, உங்கள் பெயரில் உள்ள கடன்களைப் பட்டியலிடும் சிபில் அறிக்கையை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துவது. எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய மற்ற கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். உங்கள் பான் எண்ணில் தெரியாத கடன் இருந்தால் உடனே புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. ஆனால் கைமாற்று, புரோநோட்டு, தனியாரிடம் வாங்கிய வட்டிக்கடன் எதுவும் இந்த அறிக்கைகளில் வராது.

வீட்டுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். தாய்ப்பத்திரத்தை யாரோ ஒருவரிடம் கொடுத்துப் பணம் வாங்கியிருந்தால், பதிவாகாதவரை அது சான்றில் தெரியாது. அசல் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள்.

பரஸ்பர சம்மத விவாகரத்தில் நடப்பது இன்னொரு ரகம். "வீட்டுக் கடனைக் கணவர் கட்டுவார்" என்று ஒப்பந்தத்தில் எழுதி, நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொள்ளும். வங்கி அந்த வழக்கில் தரப்பே அல்ல. ஒப்பந்தத்தின் அந்த வாசகம் வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவர் தவணை தவறினால் நோட்டீஸ் இணைக் கடன்தாரரான உங்களுக்கும் வரும். உங்கள் பெயரை வங்கியே நீக்கவேண்டும், அல்லது கடனை அவர் தன் பெயரில் மட்டும் மாற்றவேண்டும். இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில், முதல் மனுவுக்கும் இறுதிக் கட்டத்துக்கும் இடையே பொதுவாக 6 மாதம் கிடைக்கிறது. தீர்ப்பு வரும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதால் பிடி அதுவரைதான் உங்கள் கையில். வங்கியின் விடுவிப்புக் கடிதத்தை அதற்குள் வாங்கிவிடுங்கள். வழக்கறிஞர்களே சிலசமயம் இதை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடுகிறார்கள்.

ஜீவனாம்ச வழக்கு என்றால், சொத்தோடு கடன்களையும் இருவரும் பிரமாணப் பத்திரத்தில் காட்டவேண்டும் என்று 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. சொத்துப் பகுதியை வரி வரியாகப் படிப்பவர்கள் கடன் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கடனை ஒளிப்பவர்கள் உண்டு. ஜீவனாம்சத்தைக் குறைக்க இல்லாத கடனைக் காட்டுபவர்களும் உண்டு. மைத்துனரிடம் வாங்கியதாகச் சொல்லும் லட்சங்கள் எந்த வங்கிக் கணக்கு வழியாக வந்தன என்று கேளுங்கள். இதில் கணவன், மனைவி வித்தியாசம் கிடையாது.

உங்கள் கிரெடிட் கார்டில் துணைக்கு வாங்கிக் கொடுத்த கூடுதல் அட்டை இருக்கிறதா? இன்றே ரத்து செய்யுங்கள். அதில் ஆகும் செலவு உங்கள் பில்லில்தான் வரும். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைகளையும் தேடிப் பிடியுங்கள்.

கடைசியாக, கடன்காரர் வாசலில் வந்து நிற்கும்போது செய்யும் தவறு. மானத்துக்கு அஞ்சி "நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்வதும், புதிதாகப் புரோநோட்டு எழுதித் தருவதும். மனைவியின் பங்குச்சந்தைக் கணக்கின் நஷ்டத்துக்கு, வாய்வழியாகப் பொறுப்பேற்ற கணவரும் பொறுப்பாளியே என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வந்தவரிடம் கடன் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். மிரட்டினால், தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.