ஒன்பதாம் வகுப்பில் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசுவது எப்படி?

வளரிளம் பருவத்தினருக்குச் சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, மாரடைப்பு ஆகியவற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று எண்ணிக்கொண்டு ஆசிரியர்கள் வகுப்பறைக்குள் நுழைய வேண்டாம். எண்ணெய்ப் பண்டங்களைக் குறைக்க வேண்டும், உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்குபவர்கள்தாம் அவர்கள். தாத்தாவுக்கு வந்த நோய்க்கும் தங்கள் கையிலுள்ள பாக்கெட்டுக்கும் தொடர்பு உண்டு என்பதுதான் அவர்களுக்கு உறைப்பதில்லை. ஆகவே விளக்கவுரையைச் சுருக்கி, அளந்து பார்க்கும் வேலையை அவர்களிடமே கொடுத்துவிடுவது நல்லது.

முதல் பாடவேளைக்குத் தின்பண்டங்களின் காலி உறைகளையும் குளிர்பான பாட்டில்களையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் ஊட்டச்சத்து அட்டவணையின் எண்கள் பெரும்பாலும் 100 கிராமுக்கோ 100 மில்லிலிட்டருக்கோ தரப்பட்டிருப்பதால், பாக்கெட்டின் மொத்த அளவுக்கு ஏற்பக் கணக்கிட வேண்டும். பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சர்க்கரை உள்ள பானத்தை 600 மில்லிலிட்டர் குடித்தால் 60 கிராம், அதாவது ஏறத்தாழ 12 தேக்கரண்டி. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் உச்சவரம்பே 50 கிராம்தான். அந்த 12 கரண்டியையும் மாணவர் ஒருவரே கண்ணாடித் தம்ளரில் எண்ணிப் போடட்டும். உப்போ சோடியம் என்ற பெயரில் மில்லிகிராமில் இருக்கும், 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் என்னும்போது, 800 மில்லிகிராம் சோடியம் உள்ள ஒரு நூடுல்ஸ் பாக்கெட் அதில் 2 கிராமைத் தின்றுவிடுகிறது.

எடை பார்ப்பதையும் இடுப்பை அளப்பதையும் வகுப்பின் நடுவே ஒருபோதும் செய்யாதீர்கள். ஒரு பட்டப்பெயர் ஆண்டு முழுவதும் ஒட்டிக்கொள்ளும். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்று சொல்லி, வீட்டில் இஞ்சு டேப்பால் அளந்து தாங்களே வைத்துக்கொள்ளச் சொல்லலாம். பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்துக் கருத்திருப்பது அழுக்கன்று, பெரும்பாலும் உடல் இன்சுலினுக்குச் சரிவர இசையவில்லை என்பதன் அறிகுறி என்பதையும் பொதுவாகச் சொல்லுங்கள். பீர்க்கங்கூடு கொண்டு தேய்த்துத் தோலைப் புண்ணாக்கும் தாய்மார்களுக்கும் இது தெரிய வேண்டும் என்பதால், பெற்றோர் கூட்டத்தில் தவறாமல் சொல்லி, அத்தகைய பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்து, பள்ளியைச் சுற்றியுள்ள கடைகளின் வரைபடத்தை மாணவர்கள் வரையட்டும். 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டப்படி, கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள்ளும், 18 வயது நிரம்பாதவருக்கும் புகையிலைப் பொருள்களை விற்கக் கூடாது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்பதை 2020ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் தடுக்கின்றன. கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பது பிள்ளைகளின் வேலையன்று; வரைபடத்தைத் தலைமையாசிரியர் வழியாக உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்பினால் போதும்.

5 முதல் 17 வயது வரையினருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலுழைப்பு தேவை என்பதைச் சொல்லும் முன், விளையாட்டுப் பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்கும் வழக்கத்தைப் பள்ளி முதலில் நிறுத்தியாக வேண்டும்.