முறிந்த தண்டை ஆராய்வது எப்படி?

கரையோர ஐஸ் தொழிற்சாலை ஒன்றில் நீர்ப்பம்பியின் தண்டு முறிந்ததும், இரு துண்டுகளையும் பொருத்திப் பார்க்கவே எவருக்கும் கை துடிக்கும். அப்படி உரசினால் முறிமுகத்தில், அதாவது முறிந்த பரப்பில், பதிந்திருக்கும் நுண்தடயங்கள் அழிந்துவிடும். கம்பித் தூரிகையும் வேண்டாம். முறிந்த இடத்தை அளவுகோலோடு படமெடுத்து, துண்டுகளை உலர்த்தி, சிலிக்கா ஜெல்லுடன் தனித்தனி உறைகளில் இடுங்கள். யாழ்ப்பாணக் கரையோரக் குருநகர்க் காற்றின் உப்புக்கு ஓர் இரவே போதும், புதிய துரு பழைய துருவை மறைத்துவிடும்.

அடுத்து, விளக்கைச் சாய்வாகப் பிடித்து முறிமுகத்தைப் பாருங்கள். சாவிப் பள்ளத்தின் (தண்டோடு சக்கரத்தைப் பிணைக்கும் ஆப்பைச் செருக வெட்டிய பள்ளம்) மூலையில் தொடங்கி, அலை வற்றிய மணலில் விழும் வரிகளைப் போல வளைகோடுகள் விரிந்திருந்தால் அது உலோகக் களைப்பால், அதாவது திரும்பத் திரும்ப ஏறியிறங்கும் சுமையால், வந்த முறிவு. அந்த வரிகள் எந்தப் புள்ளியைச் சுற்றி வளைகின்றனவோ, அங்கேதான் வெடிப்பு பிறந்தது. இறுதியில் ஒரேயடியாக அறுந்த சொரசொரப்பான பகுதி சிறியதாயின், சுமை மிதமிஞ்சியதென்று பழி சொல்வது கடினம். கூர்மையான மூலை, அச்சு விலகல், முன்பு போட்ட வெல்டிங் ஆகியவற்றையே நான் முதலில் சந்தேகிப்பேன். துருவேறா உருக்கில் மரக்கிளைபோலப் பிரியும் வெடிப்புகள் தென்பட்டால், குளோரைட்டும் இழுவிசையும் சேர்ந்து விளைத்த அரிப்பாக இருக்கலாமென்று கருதி, நீரின் உப்பளவையும் வெப்பநிலையையும் பதிவேட்டில் தேடுங்கள்; 304 எனும் துருவேறா உருக்கு வகையில் ஏறத்தாழ 60 பாகை செல்சியசுக்கு மேல் இந்த ஆபத்து கூடும்.

கடினத்தன்மைச் சோதனையும் நுணுக்குக்காட்டிக்காக வெட்டுவதும் கடைசியில்தான். வெட்டுமுன் வெட்டுக்கோட்டைப் படத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வெடிப்பின் தொடக்கப்புள்ளி தவறியும் வாளின் கீழ் வரக்கூடாது.