ஏற்பி எந்த முகத்துக்குப் போகிறது? சோதித்தறியும் முறை

கடல்நீரைக் குடித்து வாழும் மடவை, உடலில் சேரும் மிகை உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றுகிறது. அந்த வேலையைச் செய்யும் செல்லில் சோடியம்-பொட்டாசியம் பம்ப் இரத்தத்தை நோக்கிய பக்கத்திலும், குளோரைடு வாயில் கடலை நோக்கிய பக்கத்திலும் அமைந்துள்ளன. இவை இடம் மாறினால் உப்பு வெளியேறாது. பாம்பனில் வாங்கிய மீனை அறுத்துப் படிக்கும் நம் பகுதி விலங்கியல் மாணவர்களுக்கு, உடலின் பரப்புகளை மூடும் எபிதீலிய செல்லின் இருமுகத் தன்மையை விளக்க இதுவே போதும். வெளியை நோக்கியது உச்சிமுகம். இரத்தத்தையும் அண்டைச் செல்களையும் நோக்கியது அடிமுகம். இரண்டையும் பிரிக்கும் வேலி, இறுக்கமான சந்திப்புகள்.

செல்சவ்வில் அமர்ந்து குறிப்பிட்ட பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதமே ஏற்பி. அது இந்த இரு முகங்களில் எதற்குப் போகிறது என்று சோதித்தறியும் முறை இது. ஆய்வைத் தொடங்குமுன் ஏற்பியின் அமினோ அமில வரிசையைப் படியுங்கள். அடிமுகத்துக்குரிய முகவரி, அதாவது புரதத்தை அங்கே அனுப்பும் குறிப்பு, பெரும்பாலும் சைட்டோபிளாசத்தில் நீளும் வாலில், டைரோசின் என்ற அமினோ அமிலத்தையோ இரட்டை லூசினையோ ஒட்டி இருக்கும். கொலஸ்டிராலைச் சுமக்கும் எல்டிஎல் துகளைப் பற்றும் எல்டிஎல் ஏற்பியின் வாலில் இத்தகைய டைரோசின் முகவரிகள் இரண்டு உண்டு. அவற்றைப் படிக்கும் ஏபி-1பி என்னும் இணைப்புப் புரதம் இல்லாத பன்றிச் சிறுநீரகச் செல்களில் இந்த ஏற்பி உச்சிமுகத்துக்குத் தவறிப் போகிறது. உச்சிமுக முகவரிக்கு இப்படி ஒரே விதி கிடையாது: கொழுப்பு நங்கூரமாகவோ, வெளிப்புறத்தில் ஒட்டிய சர்க்கரையாகவோ இருக்கலாம். ஆகவே கணினி நிரல் காட்டும் முகவரியைச் சான்றாகக் கொள்ளாதீர்கள்.

சோதனைக்கு எம்டிசிகே (MDCK) என்னும் வளர்ப்புச் செல்கள் ஏற்றவை. 1958-இல் காக்கர் ஸ்பேனியல் நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்பட்டவை. பிளாஸ்டிக் தட்டில் வளர்த்தால் அடிமுகம் தட்டோடு ஒட்டிக்கொண்டு எட்டாது போகும் என்பதால், 0.4 மைக்ரான் துளையுள்ள வடிசவ்வின் மேல் அடர்த்தியாக வளர்த்து, சில நாள் பொறுத்து, சந்திப்புகளின் வேலி இறுகிவிட்டதா என்று காட்டும் மின்தடையை அளவிடுங்கள். இரண்டாம் வகை எம்டிசிகே செல்களுக்குத் தடை இயல்பாகவே குறைவு. எனவே செல்லில்லாத வடிசவ்வின் அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை. வேலி கசிந்தால் பின்வரும் எல்லாமே வீண்.

பிறகு தட்டை ஐஸில் வையுங்கள். குளிர்ச்சி செல்லுக்குள் நுண்பைகளின் போக்குவரத்தை நிறுத்தும். மண்டபம் ஊரில் மீன் பெட்டிக்கு உடைக்கும் ஐஸ் போதும், ஆனால் தட்டின் வெளிப்புறத்துக்கு மட்டும். சவ்வைக் கடக்காமல் வெளியே தெரியும் புரதங்களில் மட்டும் ஒட்டும் பயோட்டினை ஒரு தட்டில் மேலிருந்து (உச்சிமுகம்) மட்டும், இன்னொன்றில் கீழிருந்து (அடிமுகம்) மட்டும் ஊற்றி, ஒட்டாத மீதியைக் கிளைசினால் செயலிழக்கச் செய்து, செல்களைக் கரைத்து, பயோட்டினைப் பற்றும் ஸ்ட்ரெப்டாவிடின் மணிகளால் பிரித்து, எதிர்ப்பொருளால் ஏற்பியை அடையாளம் காணுங்கள். இயல்பாக அடிமுகத்தில் இருக்கும் சோடியம் பம்பையும் உடன் சோதியுங்கள். அது மேலிருந்து ஊற்றிய தட்டில் தென்பட்டால் கசிவு உறுதி. பயோட்டின் வடிசவ்வின் துளைகளைத் தாண்டிச் செல்ல வேண்டியிருப்பதால் அடிமுக அளவு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.

இதுவரை கிடைத்தது ஏற்பியின் இருப்பிடம் மட்டுமே. அது வந்த வழி வேறாகவும் இருக்கலாம். எதிர்ப்பொருள்களைச் செல்லின் ஊடே கடத்தும் பாலிமெரிக் இம்யூனோகுளோபுலின் ஏற்பி முதலில் அடிமுகத்துக்குப் போய், அங்கிருந்து செல்லுக்குள் புகுந்து உச்சிமுகத்தை அடைகிறது. வழியை அறிய, புதிதாக உருவான புரதத்துக்கு மட்டும் கதிரியக்கக் குறியிட்டு, பல நேரங்களில் இரு முகங்களையும் பாருங்கள்.

இறுதியாக, வாலின் டைரோசினை அலனினாக மாற்றி மீண்டும் சோதியுங்கள். எல்டிஎல் ஏற்பியின் 823-ஆம் கிளைசின் அஸ்பார்டிக் அமிலமாக மாறிய குடும்பவழி மிகைக்கொலஸ்டிரால் நோயில், இதே போன்ற முகவரிப் பிழையால் ஏற்பி உச்சிமுகத்துக்குத் திசைமாறுகிறது. மாற்றிய புரதமும் மாற்றாத புரதமும் ஒத்த அளவில் வெளிப்படுகின்றனவா என்று உறுதிசெய்த பின்பே ஒப்பிடுங்கள். மிகையாக உருவாகும் புரதம் பிரிக்கும் அமைப்பை நிரப்பி, முகவரி சரியாக இருந்தும் தவறான முகத்துக்குப் போய்ச் சேரக்கூடும்.