நாய்க்குட்டி பிள்ளைகளைக் கடித்து விளையாடுகிறதா? வீட்டில் செய்ய வேண்டியவை

இரண்டு மாதக் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த பத்து நாளில் எல்லா வீட்டிலும் வருகிற கேள்வி, "பாப்பாவைக் கடிச்சுக்கிட்டே இருக்கே, இது கோபக்கார நாயா?" என்பதுதான். பெரும்பாலும் இல்லை. குட்டிக்கு எதையும் தெரிந்துகொள்ள வாய்தான் முதல் வழி, அந்த வாய்க்குள் 28 பால் பற்கள், ஒவ்வொன்றும் சுருக்கென்று குத்தும் கூர்மை. மூன்றரை, நான்கு மாதத்தில் இந்தப் பற்கள் விழத் தொடங்கி, ஆறேழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்களும் வந்துவிடும். அதுவரை ஈறு குறுகுறுவென்றுதான் இருக்கும், எதையாவது மென்றால்தான் அதற்கு நிம்மதி.

தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் எட்டு வாரம் இருந்த குட்டி ஓரளவு கற்றுக்கொண்டுதான் வரும். அழுத்திக் கடித்தால் மற்றக் குட்டி கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும் இல்லையா, அதிலிருந்துதான் எவ்வளவு அழுத்தலாம் என்று அதற்குத் தெரிகிறது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது, ஆனாலும் நம் ஊரில் முப்பது, முப்பத்தைந்து நாளிலேயே கைமாற்றி விடுகிறார்கள். அப்படி வந்த குட்டிக்கு அந்தப் பாடத்தை நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும், கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும்.

வழிமுறைக்குப் போவதற்கு முன் ஒரு விஷயம், இதில் எந்தச் சமாதானமும் வேண்டாம். பல் பட்டுத் தோல் கிழிந்தாலோ, கீறினாலோ, உடனே குழாயைத் திறந்துவிட்டு ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள், கட்டுப் போடாமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். "வீட்டு நாய்தானே, குட்டிதானே" என்று விடுவதுதான் ஆபத்து. குட்டிக்கு ரேபிஸ் தடுப்பூசியே பொதுவாக மூன்று மாதத்தில்தான் போடுவார்கள், அதற்கு முன் அதற்குப் பாதுகாப்பு கிடையாது, தெருவில் எடுத்த குட்டி என்றால் தாயைப் பற்றியும் நமக்கு ஒன்றும் தெரியாது. ரத்தம் வராத கீறலுக்குக்கூட ஊசி தேவைப்படலாம், அதை டாக்டர் முடிவு செய்யட்டும். அரசு மருத்துவமனைகளில் நாய்க்கடி ஊசி இலவசம்.

இதோடு சேர்ந்தது இன்னொன்று. சொன்னால் குட்டியைக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் பிள்ளைகள் கடியை மறைப்பார்கள். முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு திரிவார்கள். "கடிச்சா உடனே அம்மாகிட்ட சொல்லு, உன்னையும் திட்ட மாட்டேன், குட்டியையும் எங்கேயும் அனுப்ப மாட்டேன்" என்று முதல் நாளே வாக்குக் கொடுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

சரி, இப்போது கடிக்கு வருவோம். குட்டி எப்போது கடிக்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து கவனித்தாலே பாதி புரிந்துவிடும். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை வரும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேட் சத்தத்தில் குட்டி அரைத் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடிவருகிறது. பிள்ளை ஷூவைக் கழற்றக் குனிகிறாள், ஷூ லேஸ், இழுபடும் சாக்ஸ், கழுத்திலிருந்து தொங்கும் டை எல்லாம் சரியாகக் குட்டியின் மூக்குக்கு நேரே ஆடுகின்றன. அது சாக்ஸைக் கவ்வுகிறது, இவள் "ஆ"வென்று கீச்சுக்குரலில் கத்திக்கொண்டே காலை உதறுகிறாள், குட்டிக்கு அது விளையாட வா என்று கூப்பிட்ட மாதிரி. அடுத்த கடி இன்னும் பலமாக விழுகிறது. இதில் குட்டியை அதட்டி என்ன பயன்? பிள்ளை வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பே குட்டியை வெளியே கொண்டுபோய் மூத்திரம் போகவிட்டு, தடுப்புக்கு அந்தப் பக்கம் மெல்லுவதற்கு ஒன்றைக் கொடுத்து உட்காரவையுங்கள். பிள்ளை உடை மாற்றி, டிபன் சாப்பிட்டு, வீட்டின் பரபரப்பு அடங்கிய பிறகு, கையில் பொம்மையோடு போய்ப் பார்க்கட்டும்.

தடுப்பு என்றால் பெரிய செலவு ஒன்றும் இல்லை. குழந்தைகளுக்கு மாட்டும் கேட் கிடைக்கிறது, இல்லையென்றால் வாசற்படியில் குட்டி தாண்ட முடியாத உயரத்துக்கு ஒரு பலகை போதும். நம் வீடுகளில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள், வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள், தூங்குகிறார்கள், அதாவது முகம் குட்டியின் வாய்க்குச் சமமான உயரத்தில் இருக்கிறது. அந்த மூன்று நேரமும் குட்டி தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும். ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையையும் குட்டியையும் தனியாக விட்டுவிட்டு அடுப்படிக்குக்கூடப் போகாதீர்கள், பக்கத்து அறையிலிருந்து குரல் கொடுத்துக்கொண்டிருப்பது கவனித்துக்கொள்வது ஆகாது.

கடிக்கிற அந்த நொடியில் செய்ய வேண்டியது இதுதான். கையைச் சட்டென்று இழுக்கக் கூடாது, இழுத்தால் துரத்தும், தோலும் கிழியும். கையை அப்படியே அசையாமல் வைத்துக்கொண்டு மற்றக் கையால் பொம்மையை வாய்க்கு நேரே காட்டுங்கள். பொம்மையைக் கவ்வினால் "சபாஷ்" என்று சொல்லி அதோடு விளையாடுங்கள். திரும்பக் கையையே தேடி வந்தால், திட்டாமல், முகத்தைக்கூடப் பார்க்காமல், எழுந்து தடுப்பைத் தாண்டிப் போய்விடுங்கள், அரை நிமிடம் போதும், அப்புறம் ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி வாருங்கள். பல் தோலில் பட்டால் விளையாட்டு போய்விடும் என்பது மட்டும்தான் அதற்குப் புரிய வேண்டியது. இது பெரியவர்களுக்கான வழி. பிள்ளைக்கு ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுங்கள்: மரம் மாதிரி நில். கைகளை மடக்கி மார்போடு கட்டிக்கொண்டு, வாய் மூடி, தரையைப் பார்த்து அசையாமல் நிற்க வேண்டும், பெரியவர் வந்து குட்டியை எடுத்துக்கொள்வார். குட்டி இல்லாத நேரத்தில் இதை விளையாட்டாகப் பழக்குங்கள், குட்டி மேலே பாயும்போது முதல்முறையாகச் சொன்னால் எந்தப் பிள்ளையும் நிற்காது.

இதையெல்லாம் கெடுப்பது பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள்தான். தாத்தா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு விரலைக் கொடுத்து மெல்லவிடுவார், மாமா வந்தால் வெறுங்கையால் மல்லுக்கட்டுவார், அவர்கள் தோல் தடிப்பு, வலிக்காது. அதே விளையாட்டை அது நாலு வயதுப் பிள்ளையிடம் காட்டும்போது அடி விழுவது குட்டிக்கு. கை பொம்மை இல்லை என்ற விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று தாத்தாவிடம் பக்குவமாகச் சொல்லி, அவர் கையில் ஒரு நீளமான துணிக்கயிற்றைக் கொடுத்துவிடுங்கள். பழைய காட்டன் புடவையைக் கிழித்துப் பின்னி, முனையில் முடிச்சுப் போட்டு, ஒரு கை நீளத்துக்குச் செய்தால் பிள்ளையின் விரலுக்கும் குட்டியின் பல்லுக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருக்கும். மெதுவாக இழுத்து விளையாடலாம், குட்டியைத் தூக்கி ஆட்டக் கூடாது, நூல் பிரிந்தால் தூக்கிப்போட்டுவிடுங்கள்.

மெல்லுவதற்கு ஃப்ரிட்ஜில் வைத்த பெரிய கேரட், ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்தது, கடையில் விற்கும் ரப்பர் பொம்மை, மூன்றும் நல்லவை, பக்கத்தில் ஆள் இருக்கும்போது கொடுங்கள். நகத்தால் அழுத்தினால் கொஞ்சம்கூடப் பதியாத பொருள் பல்லுக்கு அதிகக் கடினம். வெந்த எலும்பு கூடவே கூடாது, உடைந்து குடலைக் குத்தும். பழைய செருப்பையும் கொடுக்காதீர்கள், புதுச் செருப்புக்கும் பழையதற்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

அப்புறம் தூக்கம். இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. இந்த வயதில் குட்டி ஒரு நாளைக்கு 18 மணி நேரம்கூடத் தூங்கும். பிள்ளைகள் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டே இருந்தால் தூக்கம் கெட்டு, சாயங்காலம் ஆறு ஏழு மணிக்குக் கண்மண் தெரியாமல் ஓடி, கண்டதையெல்லாம் கவ்வும். அந்த நேரத்தில் இன்னும் விளையாடிக் களைக்கவைக்க நினைக்காதீர்கள், இருட்டான மூலையில் படுக்கவையுங்கள், பத்து நிமிடத்தில் தூங்கிவிடும். தூங்கும் குட்டியைத் தொடக் கூடாது என்பது பிள்ளைகளுக்கு உறுதியான விதியாக இருக்கட்டும்.

மூக்கில் தட்டுவது, வாயை இறுக்கி மூடிப் பிடிப்பது, கையில் மிளகாய்ப்பொடி தடவிக்கொள்வது, இதெல்லாம் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். கை நெருங்கினாலே பயப்படும் நாயாகும், பயந்த நாய் நிஜமாகவே கடிக்கும், அதுவும் பிள்ளையின் கை என்றால் இன்னும் பக்கத்தில் இருக்கும்.

விளையாட்டுக் கடியில் உடம்பு தளர்வாக இருக்கும், முன்னங்கால்களைத் தரையில் நீட்டிப் பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு அழைக்கும், உறுமினாலும் துள்ளலாகவே இருக்கும். மாறாக, சாப்பாட்டுத் தட்டின் மேல் உடம்பு விறைத்து, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்து உறுமினால் அது வேறு. உறுமியதற்கு அடிக்காதீர்கள், அது எச்சரிக்கை, அடித்தால் அடுத்தமுறை எச்சரிக்காமலே கடிக்கும். பிள்ளையை அமைதியாக விலக்கிவிட்டு, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறு மாதம் தாண்டியும் கடி குறையவே இல்லை என்றாலும், பழைய கோரைப்பல் விழாமல் புதியது பக்கத்திலேயே முளைத்து நின்றாலும் காட்ட வேண்டும், அப்படி நிற்கும் பால் பல்லை அவர்தான் எடுத்துவிட வேண்டியிருக்கும்.