பழைய 18 கணினிகள், ஒரே சர்வர்

எங்கள் அலுவலகத்தில் 18 கணினிகள். மாதம் ஒன்றின் ஹார்ட் டிஸ்காவது மண்டையைப் போடும். ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் தின் கிளையண்ட் முறைக்கு (சொந்த ஹார்ட் டிஸ்க் இல்லாமல், நெட்வொர்க் வழியாக சர்வரிலிருந்தே பூட் ஆவது) மாற்றியபோது முதலில் வாங்கியது, கணினிகளையும் சர்வரையும் இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்தான். பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்சில் எல்லோரும் காலையில் ஒன்றாக ஆன் செய்தால், டீ குடித்துவிட்டே வரலாம். சர்வர் செருகும் போர்ட்டாவது ஜிகாபிட்டாக இருக்கட்டும்.

சர்வருக்கு 32 ஜிபி ராம், எஸ்எஸ்டி, கட்டாயம் யுபிஎஸ். அது படுத்தால் மொத்த அலுவலகமும் படுத்துவிடும். உபுண்டு (லினக்ஸ்) போட்டு, கணினிகளை சர்வரிலிருந்து பூட் செய்யவைக்கும் எல்டிஎஸ்பி மென்பொருளை நிறுவுங்கள். அப்புறம் ஒவ்வொரு கணினியின் பயாஸிலும் (ஆன் செய்ததும் வரும் அடிப்படை அமைப்புகள்) நெட்வொர்க் வழி பூட் ஆவதை முதல் தேர்வாக வையுங்கள்.

நான் சறுக்கிய இடம் ஒன்று உண்டு. ரூட்டர் ஏற்கெனவே ஐபி முகவரி கொடுத்துக்கொண்டிருக்க, சர்வரிலும் அதே வேலையைச் செய்யும் டிஹெச்சிபியை ஓடவிட்டேன். பாதி கணினிகள் எழுந்தன, மீதி கறுப்புத் திரையில் நின்றன. சர்வரில் டிஹெச்சிபியைக் கவனிக்கும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரலை பிராக்ஸி டிஹெச்சிபியாக மாற்றியதும் சரியானது: முகவரியை ரூட்டர் கொடுக்கும், எங்கிருந்து பூட் ஆவது என்பதை மட்டும் சர்வர் சொல்லும்.

இன்னொன்று: 2019-இல் புதிதாக எழுதப்பட்ட எல்டிஎஸ்பி, நிரல்களைக் கிளையண்டின் பிராசசரிலேயே ஓட்டுகிறது. 512 எம்பி ராம் வைத்திருக்கும் கிழங்கள் அதற்குத் தாங்காது. அவற்றில் ரிமோட் டெஸ்க்டாப் போட்டுவிடுங்கள்; நிரல்கள் சர்வரில் ஓடும், திரை மட்டும் இங்கே தெரியும்.

டேலி ஓட்டும் கணக்காளரின் விண்டோஸ் கணினியை மட்டும் நான் தொடவே இல்லை.