'ஸ்டார் ட்ரெக்: நெமிசிஸ்' படத்தை எப்படிப் பார்ப்பது

2002-இல் வந்த 'நெமிசிஸ்', விண்கலக் கேப்டன் பிக்கார்டின் குழுவுக்குக் கடைசித் திரைப்படம். தனியாகப் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். முன்னும் பின்னும் சிலவற்றைச் சேர்த்துப் பாருங்கள்.

முதலில், இந்தக் குழு அறிமுகமான 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொலைக்காட்சித் தொடரிலிருந்து இரண்டு அத்தியாயங்கள்: முதல் சீசனின் 'டேட்டலோர்', இரண்டாவது சீசனின் 'தி மெஷர் ஆஃப் எ மேன்'. முதலாவதில், குழுவிலுள்ள மனித உருவ ரோபோவான டேட்டாவின் அண்ணன் லோர் வருகிறான். படத்தில் இன்னொரு உடன்பிறப்பாக பி-4 வரும்போது லோரைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. இரண்டாவது, டேட்டா ஒரு பொருளா, உரிமையுள்ள உயிரா என்ற வழக்கு. அதைப் பார்த்தவருக்கே டேட்டாவின் முடிவு வலிக்கும்.

படம் ஏறக்குறைய 2 மணி நேரம். பாலைவனக் கார் துரத்தலைத் தாராளமாகத் தாண்டிவிடலாம், கதைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

உண்மையான சிக்கல் படத்தொகுப்பில். நிதானமான காட்சிகள் நிறைய வெட்டப்பட்டன. டிவிடியில் நீக்கப்பட்ட காட்சிகள் இருக்கின்றன. அவற்றில் பிக்கார்டும் டேட்டாவும் ஒயினோடு உட்கார்ந்து பேசுவதை, தொடக்கத்தில் வரும் திருமணக் காட்சி முடிந்ததும் படத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். இறுதியில் டேட்டா தன்னையே கொடுத்துப் பிக்கார்டைக் காப்பாற்றுவது படத்தில் சட்டென்று முடிந்துவிடுகிறது. இந்த உரையாடல்தான் அதற்குக் கனம் சேர்க்கிறது. இதை வெட்டியது பெரிய தவறு.

பிறகு 'ஸ்டார் ட்ரெக்: பிக்கார்ட்' முதல் சீசன் (2020). டேட்டாவுக்கு உரிய பிரியாவிடை அதன் கடைசி அத்தியாயத்தில் கிடைக்கிறது. மொத்தக் குழுவுக்கும் மூன்றாவது சீசன் (2023), 10 அத்தியாயங்கள்.