உயிர் இரைத் தொட்டிக்கு ஏற்ற பெயிண்ட்: பைபர் படகுக்காரர்களுக்கான செய்முறை விளக்கம்

லட்சத்தீவின் மினிக்காய்த் தீவிலிருந்து சூரை பிடிக்கப் போகும் படகு நேராகச் சூரையைத் தேடிப் போவதில்லை. தீவை ஒட்டிய ஆழமற்ற காயலில் விரல் நீளப் பொடிமீன்களை வலையால் பிடித்து, படகில் உள்ள தொட்டியில் முதலில் உயிரோடு நிரப்பிக்கொள்கிறது. கடலில் சூரைக் கூட்டம் தென்பட்டதும் அந்தப் பொடிமீன்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி வீசி, கூட்டத்தைப் படகருகே நிறுத்திக் கழித்தூண்டிலால் தூக்குகிறார்கள். பக்கத்து மாலத்தீவிலும் இதே முறைதான். சூரை எத்தனை இருந்தாலும் தொட்டியில் இரை செத்துவிட்டால் அன்றைய தொழில் அத்துடன் முடிந்தது. காற்றோட்டம், நீரோட்டம், நெரிசல் எல்லாவற்றையும் கவனிக்கிற படகுக்காரர்கள் தொட்டியின் உள்பூச்சை மட்டும் பெரும்பாலும் கடைக்காரரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறார்கள். அது கூடாது என்பதற்காகவே இந்த விளக்கம். பைபர் படகில் இரைத் தொட்டி வைத்திருப்பவர்களும், புதிதாகக் கட்டி முதன்முறையாக உள்ளே பூசப் போகிறவர்களும் இதை அப்படியே பின்பற்றலாம்.

படி 1: பெயிண்ட் தேவைதானா என்று பாருங்கள்

தொட்டியின் உட்புறம் நல்ல ஜெல்கோட்டோடு (பைபரின் மேல் இருக்கும் வழவழப்பான, இறுகிய ரெசின் படலம்), வெடிப்பும் கொப்புளமும் இல்லாமல், கையால் தடவினால் வழவழப்பாக இருந்தால் அதன் மேல் எதையும் பூச வேண்டாம். முழுமையாக இறுகிய ஜெல்கோட்டே மீனுக்குப் பாதுகாப்பான பரப்பு. மங்கிப்போயிருந்தால் மென்மையான உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்துக் கழுவினால் போதும். பைபர் இழைகள் வெளியே தெரிவது, ஜெல்கோட் உதிர்ந்து ரெசின் தெரிவது, பழைய பெயிண்ட் செதில் செதிலாக எழுவது, தொட்டி மரத்தாலோ பிளைவுட்டாலோ செய்யப்பட்டிருப்பது ஆகிய நிலைகளில்தான் பூச்சு தேவைப்படுகிறது. மரத் தொட்டியாக இருந்தால் முதலில் பைபர் மேட் வைத்து ரெசின் ஏற்றி நீர் புகாதபடி ஆக்கிய பிறகே பெயிண்ட் பற்றி யோசிக்க வேண்டும்.

படி 2: எவற்றை வாங்கக் கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள்

‘கடலுக்கான பெயிண்ட்’ என்று கேட்டால் பல கடைகளில் முதலில் எடுத்துத் தருவது படகின் அடிப்பகுதிக்கான பெயிண்டைத்தான். பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்க அதில் குப்ரஸ் ஆக்சைடு என்னும் செம்புச் சேர்மமும், பல வகைகளில் கூடுதலாக வேறு உயிர்க்கொல்லி மருந்துகளும் சேர்க்கப்படுகின்றன. அந்த மருந்து சிறிது சிறிதாக நீரில் கரைந்துகொண்டே இருப்பதால்தான் அந்தப் பெயிண்ட் வேலை செய்கிறது. திறந்த கடலில் அது நீரோடு போய்விடும். சில நூறு லிட்டர் கொள்ளும் தொட்டியில் அங்கேயே சேரும். செம்பு மீனின் செவுளைத் தாக்கி, உடலில் உப்புச் சமநிலையைக் காக்கும் வேலையைக் கெடுக்கிறது. நெத்திலி, சாளை போன்ற மென்மையான மீன்கள், வலையில் பட்டுச் செதில் உதிர்ந்து ஏற்கெனவே தளர்ந்த நிலையில் தொட்டிக்குள் வருகின்றன என்பதை இத்துடன் சேர்த்துப் பாருங்கள்.

இந்த வகைப் பெயிண்டுகள் கடல் உயிர்களை எந்த அளவுக்குப் பாதிக்கும் என்பதற்குப் பிரான்சின் ஆர்க்காஷோன் வளைகுடா பெரிய சாட்சி. டிரைபியூட்டைல் டின் என்னும் வெள்ளீயச் சேர்ம உயிர்க்கொல்லி கலந்த பெயிண்ட் பூசிய படகுகளால் அங்கே சிப்பி வளர்ப்பே நொடிந்துபோனது. 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் அதைப் பூசுவதற்கு 1982இல் பிரான்ஸ் தடை போட்டது. 2001இல் ஏற்கப்பட்டு 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சர்வதேச ஒப்பந்தம் அந்த வேதிப்பொருளை எல்லாக் கப்பல்களிலும் தடை செய்தது. ஆனாலும் பழைய படகு ஒன்றை வாங்குகிறவர்கள் அதன் அடியில் உள்ள பழைய பூச்சைச் சுரண்டும்போது, அந்தத் தூள் தொட்டிக்குள்ளோ மூக்கிலோ போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

தொட்டிக்குக் கடல்நீர் வரும் துளை படகின் அடியில் இருந்தால் இன்னொரு கவனம் வேண்டும். அடிப்பகுதிக்குச் செம்புப் பெயிண்ட் பூசும் ஆள், துளையின் உள்விளிம்பிலும் குழாயின் வாயிலும் பிரஷை விட்டு ஒரு சுற்றுச் சுற்றிவிடுவது வழக்கம். அந்த இடத்தை முன்கூட்டியே டேப் ஒட்டி மூடி, துளையைச் சுற்றிச் சில விரற்கடை தூரத்துக்கு அந்தப் பெயிண்ட் படாமல் விடச் சொல்லுங்கள்.

தாரும் எப்பாக்ஸிப் பிசினும் கலந்த கோல்டார் எப்பாக்ஸி விலை குறைவு, நீரையும் நன்றாகத் தாங்கும். ஆனால் தாரில் உள்ள நச்சு ஹைட்ரோகார்பன்கள் மீனுக்கும் ஆகாது, பூசுகிறவருக்கும் ஆகாது. ஈயம் கலந்த ரெட் லெட் பிரைமர், துத்தநாகம் மிகுந்த பிரைமர் இரண்டும் வேண்டாம். சாதாரண எனாமல் பெயிண்ட் எப்போதும் நீரில் மூழ்கியிருக்கும் பரப்புக்காகச் செய்யப்பட்டதே அல்ல. சில மாதங்களில் மெத்தென்று இளகி உரியத் தொடங்கும். ‘ஈயம் இல்லாதது’ என்று டப்பாவில் எழுதியிருப்பதையும் போதுமான சான்றாகக் கொள்ள வேண்டாம். இந்தியாவில் 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ள 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) ஈய வரம்பு, வீட்டுக்கும் அலங்காரத்துக்குமான பெயிண்டுகளுக்கு உரியது. தொழிற்சாலைப் பயன்பாட்டுப் பெயிண்டுகள் அதில் அடங்குவதில்லை. பூஞ்சை எதிர்ப்பு என்று விற்கப்படும் குளியலறைப் பெயிண்டுகளில் உயிர்க்கொல்லி இருப்பதால் அவற்றையும் ஒதுக்குங்கள்.

படி 3: எதைக் கேட்டு வாங்குவது

குடிநீர்த் தொட்டியின் உட்புறத்துக்கென்று விற்கப்படும், கரைப்பான் கலக்காத இரண்டு பாக எப்பாக்ஸியைக் (பிசினும் அதை இறுகச் செய்யும் ஹார்டனரும் தனித்தனி டப்பாவில் வருவது) கேளுங்கள். என் கருத்தில் முதன்முறை பூசுகிறவருக்கு இதைவிட நல்ல தேர்வு இல்லை. கரைப்பான் இல்லாததால் பூச்சுக்குள் தின்னர் சிக்கி நின்று பிறகு நீரில் கசியும் தொல்லை பெருமளவு குறைகிறது. இந்தியத் தயாரிப்புகளில் மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் சான்று உண்டா என்று கேட்கலாம். இறக்குமதிப் பெயிண்டாக இருந்தால் அமெரிக்காவின் என்எஸ்எஃப் 61 அல்லது பிரிட்டனின் பிஎஸ் 6920 தரத்தைக் குறிப்பிட்டிருக்கும். டப்பாவின் மேல் உள்ள வாசகத்தோடு நிற்காமல், அந்தப் பெயிண்டின் தொழில்நுட்ப விவரத் தாளையும் வாங்கிப் படியுங்கள். ‘தொடர்ந்து நீரில் மூழ்கும் பரப்புக்கு ஏற்றது’ என்ற வரி அதில் இருக்க வேண்டும்.

இந்தச் சான்றுகள் மனிதர் குடிக்கும் நீரை மனத்தில் வைத்துத் தரப்படுபவை. குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் செம்பு வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அதைவிட மிகக் குறைந்த செம்பே பல மீன்களைப் பாதிக்கும். ஆகவே சான்று இருந்தாலும், பாசி எதிர்ப்பு, பூஞ்சை எதிர்ப்பு, கிருமி எதிர்ப்பு என்ற சொற்களில் ஏதேனும் ஒன்று விவரத் தாளில் இருந்தால் அந்தப் பெயிண்ட் தொட்டிக்கு வேண்டாம்.

ஜெல்கோட்டையே திரும்பப் பூச விரும்புகிறவர்கள், பைபர் படகு கட்டும் பட்டறையின் உதவியோடு செய்வது நல்லது. ஜெல்கோட் காற்றுப்படும் பக்கத்தில் முழுமையாக இறுகாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும். அதனால் கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் கலக்க வேண்டும். இறுகாத ஜெல்கோட்டிலிருந்து ஸ்டைரீன் என்னும் ரசாயனம் நீரில் கசியும். மேலும், ஜெல்கோட்டை இறுகச் செய்யச் சேர்க்கும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரையும் கேட்டலிஸ்டையும் எக்காரணம் கொண்டும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது, தீப்பற்றி வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுமையாகக் கலக்கிய பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். ஒரு முறை எப்பாக்ஸி பூசிய பரப்பின் மேல் ஜெல்கோட் சரியாகப் பிடிக்காது என்பதால், எந்த வழி என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள்.

நிறத்துக்கு வெளிர் நீலம் போதும். பளீர் வெள்ளையில் வெயில் கண்ணைக் கூசும். அடர்நிறத்தில் செத்த மீனும் அழுக்கும் தெரியாது.

படி 4: அளவைக் கணக்கிடுங்கள்

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 80 சென்டிமீட்டர் ஆழம் உள்ள தொட்டியில் நான்கு சுவரும் அடியும் சேர்ந்து 4.2 சதுர மீட்டர். கரைப்பான் இல்லாத எப்பாக்ஸியை 150 மைக்ரான் கனத்தில் பூச, சதுர மீட்டருக்கு 0.15 லிட்டர் வேண்டும். அதாவது ஒரு பூச்சுக்குச் சுமார் 0.63 லிட்டர். இரண்டு பூச்சுக்கும் சேதாரத்துக்கும் சேர்த்து ஒன்றரை லிட்டர் வாங்கலாம். மூடியின் அடிப்பக்கத்தையும் மறக்க வேண்டாம். அலையில் தெறிக்கும் நீர் அங்கிருந்து தொட்டிக்குள்தான் சொட்டும்.

தொட்டி சிறியதாக ஆக, லிட்டர் ஒன்றுக்குப் படும் பெயிண்ட் பரப்பு கூடுகிறது. ஒரு மீட்டர் கனசதுரத் தொட்டியில் 1000 லிட்டர் நீருக்கு 5 சதுர மீட்டர் பரப்பு. அரை மீட்டர் கனசதுரத்தில் 125 லிட்டருக்கு 1.25 சதுர மீட்டர். சிறிய தொட்டியில் நீருக்கும் பெயிண்டுக்கும் உள்ள தொடர்பு இரண்டு மடங்கு என்பதால், அங்கே தேர்வில் இன்னும் கண்டிப்பு வேண்டும்.

படி 5: பரப்பைத் தயார் செய்யுங்கள்

முதலில் பழைய பூச்சு எது என்று கண்டறிய வேண்டும். வெள்ளைத் துணியை அசிட்டோனில் நனைத்துப் பழைய பெயிண்டின் மேல் அரை நிமிடம் அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் ஒட்டிக்கொண்டு பெயிண்ட் பிசுபிசுத்தால் அது ஒற்றைப் பாகப் பெயிண்ட். முழுவதையும் சுரண்டி எடுத்தாக வேண்டும். அசையாமல் இருந்தால் இரண்டு பாகப் பெயிண்டாகவோ ஜெல்கோட்டாகவோ இருக்கும். தளர்ந்த இடங்களை மட்டும் எடுத்தால் போதும்.

உப்புத்தாள் போடுவதற்கு முன்பே சோப்புநீரால் கழுவ வேண்டும். மீன் எண்ணெய் படிந்த பரப்பைக் கழுவாமல் தேய்த்தால், எண்ணெய் கீறல்களுக்குள் இறங்கிவிடும். பிறகு எந்தப் பெயிண்டும் பிடிக்காது. கழுவியதும் நல்ல தண்ணீரைச் சுவரில் ஊற்றிப் பாருங்கள். நீர் ஒரே படலமாக வழிந்தால் எண்ணெய் போய்விட்டது. முத்து முத்தாகத் திரண்டால் மறுபடி கழுவ வேண்டும். அதன் பின் 80 முதல் 120 எண் உப்புத்தாளால் பளபளப்பு முழுவதும் போகும்வரை தேய்த்து, துளைகளையும் கீறல்களையும் எப்பாக்ஸிப் பட்டியால் அடைத்து, மூலைகளை உருண்டையாக இழையுங்கள். கூர்மூலையில் மீன் ஒதுங்கி முட்டிக்கொள்ளும். பெயிண்டும் அங்கேதான் முதலில் விரிசல் விடும்.

பைபருக்குள் ஈரம் இருக்கிறதா என்று அறிய, ஓரடிச் சதுரப் பாலிதீன் தாளின் நான்கு விளிம்பையும் டேப்பால் ஒட்டி ஒரு இரவு விடுங்கள். காலையில் தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் இன்னும் சில நாள் உலர விட வேண்டும்.

படி 6: கலந்து பூசுங்கள்

தொட்டி ஒரு அடைப்பான இடம். கரைப்பான் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழே தேங்கும். மூடியைத் திறந்து வைத்து, விசிறியால் காற்றை உள்ளே செலுத்தி, வெளியே ஒருவர் நிற்க, ரசாயன ஆவிக்கான வடிகட்டி உள்ள முகமூடியும் நைட்ரைல் கையுறையும் அணிந்து வேலை செய்யுங்கள். துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. கையில் பட்ட எப்பாக்ஸியைத் தின்னரால் துடைக்காதீர்கள். அது தோலுக்குள் இன்னும் இறங்கும். சோப்பு போதும்.

இரண்டு பாகங்களையும் டப்பாவில் சொன்ன விகிதத்தில் அளவுக் கோப்பையால் அளந்து கலக்குங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டுவது தவறு. வினையில் சேராத ஹார்டனர் பூச்சிலேயே தங்கி நீரில் கசியும், அதுவே மீனுக்கு நஞ்சு. அடியையும் ஓரத்தையும் வழித்துக் கலக்கி, சிறிது சிறிதாகவே தயார் செய்யுங்கள். மொத்தமாகக் கலந்தால் டப்பாவிலேயே சூடேறி இறுகிவிடும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது பூச வேண்டாம். கடலோரத்தில் அதிகாலையும் மாலையும் ஈரம் மிகுதி என்பதால், பனி காய்ந்த பிறகு தொடங்கிப் பிற்பகலுக்குள் முடிப்பது வசதி. மூலைகளுக்கு முதலில் பிரஷ், பிறகு பரப்புக்கு ரோலர். இரண்டாவது பூச்சை விவரத் தாளில் குறித்த இடைவெளிக்குள் பூசிவிடுங்கள். அது தவறினால் உப்புத்தாள் போட்ட பிறகே பூச வேண்டும்.

படி 7: இறுக விடுங்கள், கழுவுங்கள், சோதியுங்கள்

மறுநாள் தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல் இருக்கும். ஆனால் 25 டிகிரி செல்சியஸில் பெரும்பாலான எப்பாக்ஸிகள் உள்ளே முழுமையாக இறுக ஏழு நாட்கள் எடுத்துக்கொள்கின்றன. அவசரப்பட்டு மூன்றாம் நாள் நீர் நிரப்பினால், நல்ல பெயிண்டும் கெட்ட பெயிண்டாகிவிடும். மீன்பிடிக்கத் தடை செய்யப்பட்ட மாதங்களில் படகு கரையேறி நிற்கும்போது இந்த வேலையை வைத்துக்கொண்டால் அவசரத்துக்கே இடமில்லை.

இறுகிய பரப்பை விரலால் தேய்த்தால் சில நேரம் மெழுகுபோல் வழுக்கும். ஹார்டனர் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உண்டாக்கும் படலம் அது. வெதுவெதுப்பான நீரும் பச்சை நார்ப் பட்டையும் கொண்டு அது போகும்வரை தேய்த்துக் கழுவ வேண்டும். பின்பு மூடியைச் சாத்தி ஒரு இரவு விட்டுக் காலையில் திறந்து முகருங்கள். பெயிண்ட் வாடை வந்தால் மேலும் சில நாள் திறந்து வையுங்கள்.

வாடை நின்றதும் தொட்டி நிறைய நீர் ஊற்றி ஒரு நாள் வைத்து வடித்துவிடுங்கள். இதைக் குறைந்தது மூன்று முறை செய்யுங்கள். கடைசியாக, புதுக் கடல்நீர் நிரப்பி, காற்றுக் குழாய் போட்டு, பத்துப் பொடிமீன்களை விடுங்கள். அதே வலையில் கிடைத்த இன்னும் பத்தை, பெயிண்ட் படாத பிளாஸ்டிக் தொட்டியில் அதே நீரும் காற்றும் தந்து பக்கத்திலேயே வையுங்கள். 24 மணி நேரத்தில் இரண்டிலும் ஒரே அளவு இழப்பு இருந்தால் குறை மீனிலோ நீரிலோதான். பெயிண்ட் பூசிய தொட்டியில் மட்டும் மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திணறினாலோ சாய்ந்து நீந்தினாலோ, நீரை வடித்து மறுபடி ஊறவைத்துச் சோதியுங்கள். மூன்று நான்கு சுற்றுக்குப் பிறகும் தேறாவிட்டால், செம்பு அல்லது பித்தளையாலான வால்வும் பம்பு உறுப்பும் தொட்டியோடு இணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அவற்றைப் பிளாஸ்டிக்காக மாற்றிய பிறகும் அதே நிலை என்றால் பூச்சைச் சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.

பெயிண்டின் பெயர், தொகுதி எண், கலந்த விகிதம், பூசிய தேதி ஆகியவற்றைப் படகின் பதிவேட்டில் குறித்து, விவரத் தாளையும் அதோடு சேர்த்து வையுங்கள். அடுத்த ஆண்டு ஒரு மூலை மட்டும் உரிந்தால், அதே பெயிண்டை வாங்கி அந்த இடத்தை மட்டும் சரி செய்துகொள்ள அது உதவும்.